அலுவலகத் தரவை வைத்துப் பங்கு வாங்கலாமா? மாற்றுத் தரவு தேடும் வாசகருக்கு ஒரு பதில்

கடிதத்தின் சுருக்கம்

இணைய விற்பனையாளர்களுக்குக் கிடங்கு, பார்சல் கண்காணிப்பு மென்பொருள் செய்து தரும் நிறுவனம் ஒன்றில் டேட்டா இன்ஜினியராக வேலை பார்க்கும் வாசகர் எழுதியிருக்கிறார். சேமிப்பில் ஒரு பகுதியை, கணினி விதிகளின்படி பங்குகளை வாங்கி விற்கும் குவாண்ட் முறையில் இறக்க நினைக்கிறார். விலை, வருவாய், பி.இ. விகிதம் (பங்கின் விலையை அதன் வருவாயால் வகுத்தது) போன்ற வழக்கமான தரவுகளை எல்லோரும் சக்கையாகப் பிழிந்துவிட்டார்கள், இவற்றுக்கு வெளியே யாரிடமும் இல்லாத தரவு (துறையில் 'மாற்றுத் தரவு' என்பார்கள்) கையில் இருந்தால்தான் இனி லாபம் என்பது அவருடைய கணிப்பு.

அப்படி மூன்றைக் குறிவைத்திருக்கிறார். ஒன்று, அலுவலக டேட்டாபேஸில் தெரியும் பார்சல் எண்ணிக்கை. சந்தையில் பட்டியலிடப்பட்ட நான்கு விற்பனை நிறுவனங்கள் அதில் உண்டு. ஒரு முறை கொய்ரி (டேட்டாபேஸில் தேடும் கட்டளை) ஓட்டிப் பார்த்தாராம், வர்த்தகம் எதுவும் செய்யவில்லையாம். வாடிக்கையாளர் பெயர்களை நீக்கி மொத்தமாகக் கூட்டிவிட்டால் தப்பில்லை அல்லவா என்று கேட்கிறார். அவர்கள் விற்பனையில் எங்கள் வழியாகப் போவது சிறு பங்குதான் என்றும் சேர்த்திருக்கிறார். இரண்டு, ஒரு விற்பனைத் தளத்திலிருந்து அவரே ஸ்கிராப் செய்த (நிரல் எழுதித் திரட்டிய) பொருள் விமர்சனங்கள். 38 நிறுவனங்கள் மீது 3 ஆண்டு பேக்டெஸ்ட், அதாவது பழைய தரவில் விதியை ஓட்டிப் பார்க்கும் சோதனை. சுமார் 50 வகைகளை மாற்றி மாற்றிப் பார்த்ததில் சிறந்ததற்கு ஷார்ப் விகிதம் (ஏற்ற இறக்கத்தோடு ஒப்பிட்ட வருமானம்) 1.3. மூன்று, கைபேசி இருப்பிடத் தரவிலிருந்து கடைகளுக்கு வருவோர் எண்ணிக்கையைக் கணித்துத் தரும் ஒரு வெண்டர் (தரவு விற்கும் நிறுவனம்). ஆண்டுச் சந்தா அவர் போடவிருக்கும் மூலதனத்தில் பத்தில் ஒரு பங்கு. ட்ரயல் இந்த மாதம் முடிகிறது. கூடவே செயற்கைக்கோள் படம், கூகுள் ட்ரெண்ட்ஸ் பற்றியும், வேலையை விட்டுவிட்டு முழுநேரமாக இறங்கலாமா என்றும் கேட்டிருக்கிறார்.

பதில்

அன்புள்ள வாசகருக்கு,

உங்கள் கடிதம் முழுக்க ஒரு நம்பிக்கையின் மேல் நிற்கிறது. அதை முதலில் பிரித்துப் பார்த்துவிடலாம். 'யாரிடமும் இல்லாத தரவு' என்று நீங்கள் சொல்வது பெரும்பாலும் இரண்டில் ஒன்றாக இருக்கும்: உங்களுக்கு உரிமை இல்லாத தரவு, அல்லது உங்களுக்குக் கட்டுப்படியாகாத தரவு. தனி ஆளுக்கு மிஞ்சுவது மூன்றாவது வகை. எல்லோருக்கும் திறந்தே கிடக்கிறது, ஆனால் சுத்தம் செய்யவும் பெயர்களைப் பொருத்தவும் அலுப்பாக இருப்பதால் பலர் கை வைப்பதில்லை. டேட்டா இன்ஜினியர் ஒருவருக்கு அனுகூலம் இருக்கிறதென்றால் இந்த மூன்றாவது வகையில்தான். நீங்களோ முதல் இரண்டிலேயே சுற்றிக்கொண்டிருக்கிறீர்கள்.

அலுவலகத் தரவு: வேண்டாம்

இதற்கு 'ஆனால்' போட்டு எழுத எதுவும் இல்லை. பெயர் நீக்கினோமா, கூட்டினோமா என்பதல்ல கேள்வி. உங்கள் நிறுவனமும் அதன் வாடிக்கையாளர்களும் ஒரு வேலைக்காக நம்பி ஒப்படைத்த, வெளியே தெரியாத தகவல் அது. அதைச் சொந்த வர்த்தகத்துக்குத் திருப்புவதை அமெரிக்கா, ஐரோப்பிய ஒன்றியம் உட்படப் பல இடங்களின் உள்தகவல் வணிகச் சட்டங்கள் தடுக்கின்றன. 'நான் அந்த விற்பனை நிறுவனங்களின் ஊழியர் இல்லையே' என்பது தற்காப்பாகாது.

உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான வழக்கு ஒன்று உண்டு. ஒரு கிரெடிட் கார்டு நிறுவனத்தின் மோசடித் தடுப்புப் பிரிவில் இருந்த இரண்டு ஆய்வாளர்கள், கார்டு பரிவர்த்தனை டேட்டாபேஸில் சில்லறை விற்பனை நிறுவனங்களின் பெயர்களைத் தேடி, காலாண்டு முடிவு வரும் முன்பே பங்கு ஆப்ஷன்களை (குறித்த விலையில் பங்கை வாங்கவோ விற்கவோ உரிமை தரும் ஒப்பந்தங்களை) வாங்கினார்கள். அமெரிக்கப் பங்குச் சந்தைக் கண்காணிப்பு அமைப்பான எஸ்.இ.சி. 2015-ல் வழக்குப் போட்டது. ஒருவர் கடைசிவரை வழக்காடினார். அந்தக் கார்டின் வழியாகப் போனது கடைகளின் மொத்த விற்பனையில் மிகச் சிறு பங்கு, ஆகவே அது முக்கியமான தகவலே அல்ல என்பது அவர் வாதங்களில் ஒன்று. 2016-ல் ஜூரி அதை ஏற்கவில்லை. 'எங்கள் வழியாகப் போவது சிறு பங்குதான்' என்று நீங்கள் எழுதியிருப்பதும் அதே வாதம்தான்.

கூட்டித் தொகுத்தால் சரி என்ற எண்ணத்துக்கும் ஒரு பதில் இருக்கிறது. ஆப் ஆனி என்ற செயலித் தரவு நிறுவனம், தன்னிடம் தரவு கொடுத்த செயலி நிறுவனங்களிடம் 'தொகுத்து, அடையாளம் நீக்கித்தான் பயன்படுத்துவோம்' என்று சொல்லியிருந்தது. உண்மையில், விற்ற கணிப்புகளைத் துல்லியமாக்கத் தொகுக்காத அசல் எண்களைக் கொண்டு திருத்தியது. 2021-ல் எஸ்.இ.சி.யுடன் 1 கோடி டாலருக்கு மேல் கட்டிச் சமரசம் செய்ய வேண்டியதாயிற்று. தரவு எந்த வாக்குறுதியின் பேரில் கைக்கு வந்தது என்பதையே முதலில் பார்ப்பார்கள். கூட்டினீர்களா வகுத்தீர்களா என்பது அதற்குப் பிறகுதான்.

கொய்ரி ஓட்டிப் பார்த்ததோடு நின்றுவிட்டதாகச் சொல்கிறீர்கள். அங்கேயே நில்லுங்கள். அந்த நான்கு நிறுவனங்களின் பங்குகளையும் ஆப்ஷன்களையும் நீங்களோ உங்கள் குடும்பத்தாரோ வாங்க வேண்டாம், நண்பர்களிடமும் எண்களைச் சொல்ல வேண்டாம். சொந்த லேப்டாப்பில் நகல் ஏதாவது இருந்தால், அவசரப்பட்டு அழிக்கும் முன் உங்கள் நாட்டு வழக்கறிஞர் ஒருவரைப் பாருங்கள். அழிப்பது சில சமயம் வைத்திருப்பதைவிடப் பெரிய சிக்கலாகும்.

முறையான வழியும் ஒன்று உண்டு. வாடிக்கையாளர் ஒப்பந்தங்கள் இடம் கொடுத்தால், அல்லது திருத்தி எழுதிச் சம்மதம் வாங்கினால், உங்கள் நிறுவனமே தொகுத்த தரவை நிதி நிறுவனங்களுக்கு விற்கலாம். பல மாற்றுத் தரவு வெண்டர்கள் இப்படி வேறு தொழிலின் பக்கவிளைவாகப் பிறந்தவர்கள்தான். அந்த யோசனையை மேலாளரிடம் எழுத்தில் வையுங்கள். வர்த்தகத்தில் வரக்கூடிய லாபத்தைவிட அந்தப் பிரிவில் உங்களுக்குக் கிடைக்கும் வேலை உறுதியானது.

ஷார்ப் 1.3 என்ன சொல்கிறது?

ஷார்ப் விகிதத்தை ஆண்டுகளின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் டி-மதிப்பு கிடைக்கும், அதாவது முடிவு தற்செயலிலிருந்து எவ்வளவு விலகி நிற்கிறது என்ற அளவு. 3-இன் வர்க்கமூலம் 1.73. ஆக உங்களுடையது 2.25. பாடப்புத்தகம் கேட்கும் 2-ஐத் தாண்டிவிட்டது என்று மகிழ்ந்திருப்பீர்கள். ஆனால் எந்தச் சரக்கும் இல்லாத, ஒன்றுக்கொன்று தொடர்பற்ற 50 சிக்னல்களை (வாங்க, விற்கச் சொல்லும் கணிப்புகளை) ஓட்டிவிட்டு, அவற்றில் முதலிடத்தில் வருவதை மட்டும் எடுத்தால், அதற்குச் சராசரியாக எதிர்பார்க்க வேண்டிய டி-மதிப்பும் 2.25தான். 10 சிக்னல் என்றால் 1.54, 100 என்றால் 2.51. உங்கள் பேக்டெஸ்ட் வெறும் தற்செயலோடு சரிசமமாக நிற்கிறது.

உங்கள் 50 வகைகளும் ஒன்றையொன்று ஒத்தவை என்பதால் உண்மையான எண்ணிக்கை 50-க்குக் குறைவு. அது உங்களுக்குச் சற்றே சாதகம். ஆனால் 'இது சரிவராது' என்று பாதியில் மூடிய சோதனை நோட்புக்குகளையும் கணக்கில் சேர்த்தீர்களா? ஓட்டிய ஒவ்வொரு சோதனையையும் தேதியோடு ஒரு கோப்பில் எழுதி வையுங்கள், தோற்றதையும் சேர்த்து. கல்வித்துறையிலேயே 2016-ல் வந்த ஒரு விரிவான ஆய்வு, இத்தனை பேர் ஒரே தரவைத் தோண்டுகையில் பங்கு வருமானத்தைக் கணிக்கும் புதுக் காரணி ஒன்றுக்கு டி-மதிப்பு 3-க்கு மேல் வேண்டும் என்றது. அதே ஆண்டு வந்த வேறோர் ஆய்வு, ஏற்கெனவே வெளியான 97 காரணிகளை எடுத்துப் பார்த்தது. மூல ஆய்வு பயன்படுத்திய காலத்துக்கு வெளியே அவற்றின் வருமானம் 26 சதவீதம் குறைந்திருந்தது, பதிப்பித்த பிறகு 58 சதவீதம். நிபுணர் குழு சோதித்து வெளியிட்டவற்றுக்கே இந்தக் கதி.

இன்னும் பெரிய ஓட்டை தரவிலேயே இருக்கிறது. இன்று ஸ்கிராப் செய்து, விமர்சனத்தின் கீழ் அச்சாகியிருக்கும் தேதியை வைத்து 3 ஆண்டு வரலாற்றைக் கட்டியிருக்கிறீர்கள். விற்காத பொருள்களின் பக்கங்கள் இந்த 3 ஆண்டில் எடுக்கப்பட்டிருக்கும். இன்று கண்ணில் படுபவை தப்பிப் பிழைத்தவை. போலி என்று தளம் பின்னால் நீக்கிய விமர்சனங்களும் உங்களிடம் இல்லை. ஆனால் அன்று அதே தேதியில் பார்த்திருந்தால் அவையும் இருந்திருக்கும். அன்றைக்கு யாருக்கும் தெரியாத ஒன்றை அன்றைய முடிவுக்குள் நுழைத்துவிட்டீர்கள். துறையில் 'லுக்-அஹெட்' என்பார்கள். சூத்திரத்தில் தேடினால் இந்தக் கசிவு அகப்படாது, தரவு சேகரித்த விதத்திலேயே ஒளிந்திருக்கிறது.

பிராண்டை நிறுவனத்தோடு பொருத்தியதையும் திரும்பப் பாருங்கள். டிக்கரை (சந்தையில் பங்குக்குள்ள சுருக்கக் குறியீட்டை) வைத்து இணைத்திருந்தால் அது தவறு. ஒரு உதாரணம் போதும்: ஃபேஸ்புக்கின் தாய் நிறுவனம் 2022 ஜூனில்தான் எஃப்.பி. என்ற டிக்கரை விட்டு மெட்டா என்ற டிக்கருக்கு மாறியது. 2021-ல் அதே மெட்டா டிக்கரில் வர்த்தகமானது சம்பந்தமே இல்லாத ஓர் இ.டி.எஃப்., அதாவது பங்கு போலச் சந்தையில் வர்த்தகமாகும் நிதி. இன்றைய டிக்கரைப் பழைய விலைப் பட்டியலோடு இணைத்தால் எந்தப் பிழைச் செய்தியும் வராமல் வேறு ஒன்றின் விலை வந்து உட்கார்ந்துகொள்ளும். பிராண்ட், சட்டப்பூர்வ நிறுவனம், தாய் நிறுவனம், பங்கு என நான்கு அடுக்கு அட்டவணை போடுங்கள். ஒவ்வொரு வரியிலும் 'எந்த நாள் முதல், எந்த நாள் வரை' என்ற இரு பத்திகள் வேண்டும். நிறுவனங்களுக்கான 20 எழுத்து எல்.இ.ஐ. அடையாள எண்ணும், பலவற்றுக்குத் தாய் நிறுவன உறவும் இலவசமாகவே கிடைக்கின்றன.

அடுத்து, நீங்கள் சோதிக்க வேண்டியது பங்கு விலையை அல்ல. 38 நிறுவனங்கள், ஆண்டுக்கு நான்கு காலாண்டு என்றால் 152 பந்தயங்கள். கணிப்புக்கும் விளைவுக்கும் உள்ள ஒட்டுறவு 0.05 என்று தாராளமாகவே வைத்தாலும், அதை 152-இன் வர்க்கமூலமான 12.3-ஆல் பெருக்கினால் கிடைக்கும் ஷார்ப் ஏறக்குறைய 0.6தான். செலவெல்லாம் கழிப்பதற்கு முன். அந்த ஷார்ப்பை வைத்து டி-மதிப்பு 3-ஐத் தொட 25 ஆண்டுத் தரவு வேண்டும். அதனால் முதலில் விமர்சன எண்ணிக்கை நிறுவனத்தின் காலாண்டு விற்பனை வளர்ச்சியைச் சொல்கிறதா என்று பாருங்கள். விலையில் இருக்கும் இரைச்சல் விற்பனையில் கிடையாது. உண்மையான உறவு இருந்தால் சில ஆண்டுத் தரவிலேயே தலைகாட்டும். அதிலேயே உறவு இல்லை என்றால், விலையில் தெரிந்தது தற்செயல்தான் என்று எடுத்துக்கொண்டு அடுத்த வேலையைப் பார்க்கலாம்.

ஸ்கிராப் செய்வதன் சட்டப் பக்கம் பற்றிச் சுருக்கமாக. லிங்க்ட்இன் மீது ஹைக்யூ என்ற தரவு நிறுவனம் தொடர்ந்த வழக்கில் 2022 ஏப்ரலில் அமெரிக்க மேல்முறையீட்டு நீதிமன்றம், லாகின் இல்லாமல் பார்க்கக்கூடிய பக்கங்களை எடுப்பது கணினி ஊடுருவல் சட்டத்தை மீறுவதாகத் தெரியவில்லை என்றது. இணையத்தில் பலரும் அதோடு கதையை நிறுத்திவிடுகிறார்கள். அதே ஆண்டு நவம்பரில் கீழ் நீதிமன்றம், லிங்க்ட்இன் தளத்தின் பயன்பாட்டு நிபந்தனைகளை ஹைக்யூ மீறியது என்று தீர்ப்பளித்தது. டிசம்பரில் தனக்கு எதிரான 5 லட்சம் டாலர் தீர்ப்புக்கு ஹைக்யூ ஒப்புக்கொள்ள, வழக்கு முடிந்தது. நீங்கள் லாகின் செய்து எடுத்திருந்தால் நிபந்தனைகளை ஏற்றுக்கொண்டவர் ஆகிறீர்கள். விமர்சனம் எழுதியவர்களின் பெயரையும் படத்தையும் சேமித்திருந்தால் அது தனிநபர் தரவு. ஐரோப்பியச் சட்டம் அதற்குத் தனிக் கணக்கு வைத்திருக்கிறது. உங்களுக்குத் தேவை எண்ணிக்கையும் தேதியும் நட்சத்திர மதிப்பும்தான். பெயர்களை எடுக்கவே எடுக்காதீர்கள்.

எங்கே தேடுவது

தரவுப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு 'இதை எந்தப் பங்குக்குப் பயன்படுத்தலாம்' என்று யோசிப்பது தலைகீழ் வேலை. ஒரு தொழிலை எடுங்கள். அதன் வருமானத்தில் எந்த வரி அதிகம் ஏறி இறங்குகிறது, அந்த வரி நகரும்போது வெளியே எங்கே தடம் விழும் என்று கேளுங்கள். தடம் பெரும்பாலும் ஏதாவது ஓர் அரசுப் பதிவேட்டில் விழுந்திருக்கும்.

மருந்து நிறுவனங்களை எடுத்துக்கொள்வோம். கிளினிக்கல்ட்ரயல்ஸ்.கவ் என்ற அமெரிக்க அரசுப் பதிவேட்டில் ஒவ்வொரு மருந்துச் சோதனைக்கும் ஒரு பக்கம் உண்டு. அதிகம் பேர் கவனிக்காதது, அந்தப் பக்கத்தின் பழைய பதிப்புகளும் அங்கேயே இருக்கின்றன என்பது. முதன்மை முடிவுத் தேதி எப்போது தள்ளிப்போனது, சேர்க்க வேண்டிய நோயாளிகள் எண்ணிக்கை எப்போது குறைக்கப்பட்டது, எத்தனை மையங்கள் கூடின என்று பதிப்புக்குப் பதிப்பு ஒப்பிடலாம். விமர்சனத் தரவில் உங்களுக்கு இல்லாத 'அன்று என்ன தெரிந்தது' இங்கே இலவசமாகக் கிடைக்கிறது. ஒரு எச்சரிக்கை: நிறுவனம் சமர்ப்பித்த தேதி வேறு, பொதுவில் ஏறிய தேதி வேறு. இரண்டுக்கும் நடுவே சில நாள் இடைவெளி இருக்கும். பேக்டெஸ்டில் பின்னதைத்தான் எடுக்க வேண்டும். சிறு மருந்து நிறுவனப் பங்குகளில் வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் உள்ள இடைவெளி அகலம் என்பதையும் செலவில் சேருங்கள். சோதனையை நடத்துபவர் பல்கலைக்கழகமாகவோ கூட்டாளி நிறுவனமாகவோ இருக்கலாம், மருந்தின் உரிமை இன்னொருவரிடம் இருக்கும். இந்தப் பொருத்தும் வேலை மாதக்கணக்கில் இழுக்கும். பலர் ஒதுங்கிப்போவதும் அதனால்தான்.

பாதுகாப்புத் தளவாட நிறுவனங்களுக்கு அமெரிக்க அரசுக் கொள்முதல் பதிவுகள். யு.எஸ்.ஏ. ஸ்பெண்டிங் தளத்தில் ஒப்பந்தங்கள் வரிவரியாக இருக்கும். ஆனால் பாதுகாப்புத் துறையின் ஒப்பந்தங்கள் 90 நாள் தாமதத்தோடுதான் அங்கே ஏறும். கையெழுத்தான தேதியை 'தெரிந்த தேதி' என்று எடுத்தால் உங்கள் பேக்டெஸ்ட் மூன்று மாத எதிர்காலத்தைப் பார்த்துவிட்டு வாங்கும், வரைபடமும் அழகாக ஏறும். குறிப்பிட்ட தொகைக்கு மேற்பட்ட பெரிய ஒப்பந்தங்களைப் பாதுகாப்புத் துறை வேலை நாள்தோறும் மாலை 5 மணிக்குத் தனியாக அறிவிக்கும் வழக்கம் உண்டு. அந்த அறிவிப்புகள் உரைநடையில் இருக்கும், நிரல் எழுதிப் பிரித்தெடுக்க வேண்டும். பெரிய ஒப்பந்தத்துக்கு அறிவிப்பு நேரம், சிறியதற்கு 90 நாள் தாமதம் என்று இரண்டு கடிகாரங்களை வைத்துக்கொள்ளுங்கள்.

கப்பல்கள் தாம் இருக்கும் இடத்தைத் தாமே அறிவிக்கும் ஏ.ஐ.எஸ். சமிக்ஞை சரக்குப் போக்குவரத்துக்கு நல்ல தடம். சர்வதேசப் பயணம் செய்யும் 300 மொத்த டன்னுக்கு மேற்பட்ட கப்பல்கள் அதை வைத்திருக்க வேண்டும் என்பது விதி. இடமும் வேகமும் கருவியிலிருந்து தானாக வரும். கப்பல் எவ்வளவு ஆழம் அமிழ்ந்திருக்கிறது என்ற எண்ணையும் போய்ச் சேரும் துறைமுகத்தையும் கப்பலில் இருப்பவர்கள் கையால் பதிகிறார்கள். மாற்ற மறந்துவிடுவது சகஜம். அமிழ்வு எண்ணை வைத்துச் சரக்கு ஏறியதா என்று கணிப்பவர்கள் அடிபடுவது இங்கேதான். துறைமுகத்தில் நின்ற நேரத்தையும் சேர்த்துப் பார்த்தால் பிழை குறையும்.

எட்கர் ஆவணங்களை (நிறுவனங்கள் எஸ்.இ.சி.யிடம் தாக்கல் செய்பவை) பயன்படுத்தினால் ஆவணத் தேதியை விட்டுவிட்டு, தலைப்புப் பகுதியில் இருக்கும் ஏற்பு நேரத்தை எடுங்கள். சந்தை மூடியபின் வந்ததை அன்றைய இறுதி விலைக்கே வாங்கியதாகக் காட்டும் பிழை அப்போது வராது. விநாடிக்கு 10 கோரிக்கை என்ற வரம்பையும், யார் கேட்கிறீர்கள் என்று தலைப்பில் அடையாளம் சொல்ல வேண்டும் என்ற விதியையும் மதியுங்கள், இல்லாவிட்டால் தடுத்துவிடுவார்கள். விக்கிப்பீடியா பக்கப் பார்வைகள் 2015 ஜூலையிலிருந்து ஏபிஐ-யில் (நிரல் வழியாகத் தரவு கேட்கும் வாசலில்) உண்டு, மனிதப் பார்வையையும் ரோபோ பார்வையையும் பிரித்தே தருகிறார்கள். கட்டுரையின் பெயர் மாறினால் எண்ணிக்கை பழைய தலைப்பிலேயே நின்றுவிடும், அதைத் தேடிச் சேர்க்க வேண்டும்.

கூகுள் ட்ரெண்ட்ஸ் எண்கள் தேடல்களின் எண்ணிக்கை அல்ல. நீங்கள் தேர்ந்தெடுத்த காலத்தின் உச்சத்தை 100 என்று வைத்து மற்றதைச் சுருக்கித் தருவது. 5 ஆண்டை மொத்தமாக இறக்கினால், 2-ஆம் ஆண்டின் எண் 4-ஆம் ஆண்டு உச்சத்தைத் தெரிந்துகொண்டு சுருங்கியிருக்கும். போதாததற்கு அது மாதிரி எடுத்துத் தரும் தரவு என்பதால் வேறொரு நாள் கேட்டால் எண் மாறும். சிறு பிராண்டுகளுக்கு மாற்றம் பெரிது. பயன்படுத்தியே தீர வேண்டுமென்றால், அன்றன்று முடியும் சாளரமாகப் பல முறை இறக்கிச் சராசரி எடுங்கள்.

செயற்கைக்கோள் படத்தில் கார் எண்ணும் ஆசையை விட்டுவிடலாம். இலவசமாகக் கிடைக்கும் சென்டினல்-2 படத்தில் ஒரு புள்ளி 10 மீட்டர், லேண்ட்சாட்டில் 30 மீட்டர். கார் 5 மீட்டர்கூட இல்லை. கார் தெரியும் படங்களுக்குக் காசு வேண்டும், காசுள்ள நிதி நிறுவனங்கள் அதைப் பத்தாண்டுக்கும் மேலாக வாங்கிக்கொண்டிருக்கின்றன. பயிர்ப் பசுமை, சுரங்கத்தின் விரிவு, கட்டுமானம் போன்ற பெரிய பரப்புகளுக்கு 10 மீட்டர் தாராளம். மேகம் மறைக்கும் இடங்களுக்குச் சென்டினல்-1 ரேடார்.

இன்றே தொடங்க வேண்டியது

வரலாறு இல்லாத பொதுப் பக்கங்களைத் தினமும் சேமிக்கத் தொடங்குங்கள். விலைப் பட்டியல், வேலை வாய்ப்புப் பக்கம், கடைகளின் முகவரிப் பட்டியல் எதுவாக இருந்தாலும் சரி. இரண்டு ஆண்டு கழித்து அது உங்களிடம் இருக்கும், காசு கொடுத்தாலும் வேறெங்கும் கிடைக்காமல் போகலாம். நீங்கள் தேடும் தனித்துவம் இந்த வழியில் நேர்மையாகவே வந்துவிடுகிறது.

பிரித்தெடுத்த எண்களை மட்டும் வைக்காமல் பக்கத்தின் மூலக் கோப்பையே சுருக்கி வையுங்கள். பின்னால் வேறொரு புலம் தேவைப்படும். ஒவ்வொரு வரிக்கும் இரு நேரங்கள்: நிகழ்வு நடந்தது எப்போது, உங்களுக்குத் தெரிந்தது எப்போது. இரண்டும் யு.டி.சி. என்ற உலகப் பொது நேரத்தில். பழைய வரியை ஒருபோதும் மேலெழுதாதீர்கள், திருத்தம் வந்தால் புது வரி. அடிக்கடி நேரும் கோளாறு, தளத்தின் வடிவமைப்பு மாறி ஸ்கிராப்பர் சத்தமில்லாமல் பாதித் தரவை மட்டும் கொண்டுவருவது. அதைச் சிக்னல் என்று நம்பி விற்றுவிடுவீர்கள். வந்த வரிகள் கடந்த 7 நாள் இடைநிலையில் 80 சதவீதத்துக்குக் கீழே போனால் அன்றைய தரவை ஒதுக்கிவிட்டு எச்சரிக்கை அனுப்பும்படி எழுதுங்கள்.

வேலையை விடுவது பற்றி: மேலே சொன்ன சேமிப்பு தினமும் தானாக ஓடக்கூடியது, உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருக்க வேண்டியதில்லை. முதல் இரண்டு ஆண்டுக்கு உங்கள் முழுநேரமும் இதற்குத் தேவைப்படாது. சம்பளத்தை விட்டுக்கொடுத்தால், நிரூபிக்காத சிக்னலில் அவசரமாகப் பணம் போட வேண்டிய நெருக்கடி மட்டும்தான் கூடும். வேலையில் இருந்துகொண்டே சொந்த வர்த்தகம் செய்ய நிறுவனத்தின் அனுமதி தேவையா என்பதை ஒப்பந்தத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

வெண்டர் ட்ரயல் முடிவதற்குள்

முதலில் செலவுக் கணக்கு. ஆண்டுக்கு 10 சதவீத ஏற்ற இறக்கத்தில் ஓட்டி, ஷார்ப் 0.6 கிடைத்தால் வருமானம் 6 சதவீதம். சந்தா மூலதனத்தில் 10 சதவீதம். சிக்னல் நன்றாக வேலை செய்தாலே நீங்கள் 4 சதவீத நஷ்டத்தில் நிற்பீர்கள். அதே கோப்பைப் பெரிய நிதி நிறுவனம் வாங்கும்போது சந்தா அதன் மூலதனத்தில் கண்ணுக்கே தெரியாத துளி.

ஆகவே இப்போதைக்கு வாங்க வேண்டாம் என்பதே என் பரிந்துரை. ஆனாலும் ட்ரயல் இருக்கும்வரை சில கேள்விகளை மின்னஞ்சலில், எழுத்துப்பூர்வமான பதில் கேட்டு அனுப்புங்கள். மற்ற வெண்டர்களிடமும் இவை உதவும்.

வரலாற்றுத் தரவு அன்றன்று அனுப்பியதா, இன்றைய முறையில் பின்னோக்கிக் கட்டியதா? அன்றைய கோப்புகளை விநியோக நேரத்தோடு தர முடியுமா? 'கணிப்பு மாதிரியைப் புதுப்பித்தபோது வரலாற்றையும் மேம்படுத்தினோம்' என்று பெருமையாகச் சொன்னால், நீங்கள் ட்ரயலில் பார்த்த பொருத்தம் நேரடி ஓட்டத்தில் வராது.

மாதந்தோறும் எத்தனை கைபேசிகள் வெண்டர் கண்காணிக்கும் குழுவில் இருந்தன? ஐபோன் இயங்குதளமான ஐஓஎஸ் 13 பின்னணி இருப்பிட அனுமதியை 2019-லும், ஐஓஎஸ் 14.5 செயலிகளின் பின்தொடர்தலை 2021-லும் இறுக்கின. அந்த மாதங்களில் குழு உடைந்திருக்க வேண்டும். கடைக்கு ஆள் வரத்து குறைந்ததா, கண்காணித்த கைபேசி குறைந்ததா என்று பிரிக்க, தொடர்ந்து இருந்த கைபேசிகளை மட்டும் வைத்துக் கணக்கிட்ட எண் வேண்டும்.

கைபேசி உரிமையாளரிடம் எந்த வாசகத்தில் சம்மதம் வாங்கினார்கள், எந்தச் செயலி வழியாக? 2024 ஜனவரியில் அமெரிக்க வர்த்தக ஆணையமான எஃப்.டி.சி., எக்ஸ்-மோட் என்ற இருப்பிடத் தரவு நிறுவனம் மருத்துவமனை, வழிபாட்டிடம் போன்ற நுணுக்கமான இடங்களின் தரவை விற்பதையும் பகிர்வதையும் தடுக்கும் உத்தரவைக் கொண்டுவந்தது. வெண்டரின் மூலம் அப்படி அடைபட்டால் உங்கள் சிக்னலும் அன்றே நிற்கும். வெளியே தெரியாத முக்கியத் தகவல் எதுவும் இதில் இல்லை, தரவை விற்க முழு உரிமை உண்டு என்ற உறுதிமொழி ஒப்பந்தத்தில் இருக்கிறதா என்றும் பாருங்கள்.

விற்பனைப் பிரதிநிதி 'ட்ரயல் முடிந்தால் இந்த விலை கிடைக்காது' என்று சொல்லக்கூடும். அடுத்த காலாண்டிலும் ட்ரயல் தருவார்கள். இந்த மூன்றுக்கும் எழுத்தில் பதில் வராமல் முன்பணம் கட்டாதீர்கள்.